ஜமீலா ஆபா சொன்னதும் நான் சொன்னதும்

என் அன்பு மாலதிக்கு,

இந்தக் கடிதத்தை நீ எழுத்துக்கூட்டித்தான் படிக்கப்போகிறாய் என்று தெரியும். ராமச்சந்திராபுரம் பள்ளிக்கூடத்தில் உனக்குத் தெலுங்கும் ஹிந்தியும் இங்கிலீஷும் சொல்லிக்கொடுத்தார்கள். தமிழ், நான் அடுப்படியில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்ததோடு சரி. இங்கிலீஷில் எழுதினால் உனக்குச் சுலபம், எனக்கும் டைப் அடித்துப் பழகிய கை. ஆனால் நான் சொல்லப்போகிற விஷயத்தில் இங்கிலீஷிலும் பொய் சொல்லியிருக்கிறேன், உருதுவிலும் பொய் சொல்லியிருக்கிறேன். தமிழ் ஒன்றுதான் மிச்சம். பொறுத்துக்கொண்டு மெதுவாகப் படி.

போன மாதம் உன் காலேஜில் உனக்கு வழியனுப்பு விழா வைத்தார்களே, அன்றைக்கு நீ மேடையில் என்னைப் பற்றிப் பேசினாய். ஜாவாவில் மெழுகு வைத்துத் துணிக்குச் சாயம் போடும் பெண்களோடு ஒரு வருஷம் சேர்ந்து வேலை செய்யப் போகிறேன், இந்த ஆசை எனக்கு என் அம்மாவிடமிருந்து வந்தது என்றாய். ஒரு வெளிநாட்டு ஓவியருக்கும் பழைய நகரத்துச் சரிகைக்காரிக்கும் நடுவில் உட்கார்ந்து, ஒருத்தி மனசை இன்னொருத்திக்குப் புரியவைத்தவள் என் அம்மா என்றாய். எல்லோரும் கை தட்டினார்கள். பக்கத்தில் இருந்த அம்மாள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தலைவலி என்று சொல்லிவிட்டு நான் பாதியில் எழுந்து பஸ் ஏறிவிட்டேன். என்ன ஆச்சு என்று நீ மூன்று தரம் எதிர்வீட்டு ராஜம்மாவுக்குப் போன் செய்தாய், மூன்று தரமும் தலைவலி என்றே சொன்னேன். தலைவலி இல்லை, கண்ணு. நீ மேடையில் சொன்னது நடக்கவே இல்லை. நடந்ததை நான் உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. நீ விமானம் ஏறுவதற்குள் சொல்லிவிட வேண்டும்.

அப்போது உனக்கு மூன்று வயசு முடிந்திருந்தது. ஃபேக்டரி அப்போதுதான் முழு வேகத்தில் ஓட ஆரம்பித்திருந்தது. அப்பா டர்பைன் ஷாப்பில் சார்ஜ்மேன். நான் நிர்வாக ஆபீஸில் டைப்பிஸ்ட். மெஷின்களை நிறுவிக்கொடுக்கச் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து எஞ்சினியர்கள் குடும்பத்தோடு வந்து விருந்தினர் விடுதியில் தங்கியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் மனைவி ஹெலெனா. தன் ஊரில் பெயர் பெற்ற ஓவியர். கம்பளித் துணியில் பெரிய பெரிய சுவர்ப்படங்கள் செய்கிறவள். இங்கே வந்து சார்மினார் பக்கம் சுற்றும்போது கல்யாணத் துணிகளில் ஜர்தோசி என்கிற சரிகைத் தையலைப் பார்த்திருக்கிறாள். அந்தச் சரிகையால் தன் படங்களைத் தைக்க வேண்டும், அதைச் செய்கிற பெண்ணோடு பக்கத்தில் உட்கார்ந்து செய்ய வேண்டும் என்று அவளுக்கு ஒரே பிடிவாதம். ஆனால் வீட்டுக்குள் இருந்து தைக்கிற பெண்களிடம் ஆண் துபாஷியைக் கூட்டிப்போக முடியாது. உருதுவும் இங்கிலீஷும் பேசுகிற ஒரு பெண் வேண்டும் என்று ஆபீஸில் கேட்டாள். நான் லாலாகூடா ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவள். உன் தாத்தா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். வீட்டில் ஆற்காட்டுத் தமிழ், வாசலைத் தாண்டினால் ஆமாவுக்கு ஹவ், வேண்டாமுக்கு நக்கோ என்று தக்கனி உருதுதான். என் பெயரைச் சொல்லிவிட்டார்கள்.

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைதோறும் உன்னை எதிர் க்வார்ட்டர்ஸ் ராஜம்மாவிடம் விட்டுவிட்டு, நானும் ஹெலெனாவும் கம்பெனி ஜீப்பில் பழைய நகரத்து ஷாலிபண்டாவுக்குப் போக ஆரம்பித்தோம். அங்கே ஒரு சந்துக்குள் ஜமீலா ஆபாவின் வீடு. ஆபா என்றால் அக்கா. என்னைவிடப் பதினைந்து வயசு மூத்தவள். புருஷன் இல்லை. தம்பி வீட்டின் பின்கட்டில் ஓர் அறை, அறை முழுக்க ஒரு மரச்சட்டம், அதில் இழுத்துக் கட்டிய துணி. மூன்று பேரும் அந்தச் சட்டத்தைச் சுற்றி உட்காருவோம். ஹெலெனா கறுப்புக் கம்பளித் துணியில் சாக்கட்டியால் வரைவாள். அவள் வரைந்ததெல்லாம் ஃபேக்டரியில் பார்த்தவை: டர்பைன் சக்கரம், குழாய், உலை வாய்.

முதல் நாள் ஆபா அதைப் பார்த்துவிட்டு, "இது என்ன, கிணத்துச் சக்கரமா?" என்றாள்.

"ஃபேக்டரில சுத்தற சக்கரம், ஆபா."

"சுத்தற மாதிரி எங்க இருக்கு? கோடு செத்துக் கிடக்கு. இவளுக்கு வரையச் சொல்லிக்குடுத்தவனை உதைக்கணும்."

ஹெலெனா என் முகத்தைப் பார்த்தாள். "சின்ன மாற்றம் செய்யலாமா என்று கேட்கிறார்" என்றேன். ஆபா அந்தக் கோட்டின் மேல் சரிகையைச் சாய்வாகச் சாய்வாக வைத்துத் தைத்துக் காட்டினாள். ஜன்னல் வெளிச்சம் பட்டதும் சக்கரம் நகர்கிற மாதிரி இருந்தது. ஹெலெனா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு ஆபாவின் விரலைப் பிடித்து முத்தம் கொடுத்தாள். அன்றிலிருந்து வரைவது ஒருத்தி, அழிப்பது ஒருத்தி, தைப்பது இரண்டு பேரும் என்று ஆகிவிட்டது. நான் இரண்டு பக்கமும் முள்ளை எடுத்துவிட்டு மீனைப் பரிமாறுகிற மாதிரி பேச்சைப் பரிமாறினேன். ஆபாவின் திட்டை யோசனையாக மாற்றினேன். ஹெலெனாவின் அவசரத்தை மரியாதையாக மாற்றினேன். அது சாமர்த்தியம் என்று நினைத்தேன், எனக்குப் பெருமையாகவும் இருந்தது. எவ்வளவு சொல்ல வேண்டும் என்று முடிவு செய்கிற உரிமை எனக்கு இருக்கிறது என்று அந்தச் சின்னச் சின்ன விஷயங்களில்தான் பழகிக்கொண்டேன். அதைத்தான் நீ முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பெரிய பொய்யை நான் ஒரே நாளில் கற்றுக்கொள்ளவில்லை.

குளிர்காலம் முடிகிற சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆபா மூலையில் இருந்த தகரப் பெட்டியைத் திறந்து ஒரு துணியை எடுத்தாள். சிவப்பு ஜார்ஜெட். இந்த ஊரில் முஸ்லிம் கல்யாணப் பெண்கள் போட்டுக்கொள்கிற ஆறு கஜத் துப்பட்டா. பாதிவரை பொன் சரிகையில் மாதுளைக் கொடி ஓடியிருந்தது. அதற்கப்புறம் வெறும் துணி, ஊசியில் கோத்த நூல் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. ஆபாவுக்கு ஒரே பெண். நிக்காவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது டைஃபாய்டில் போய்விட்டாள். அவளுக்காகத் தைத்தது. அந்தப் பெட்டியைத் தம்பி மனைவிகூடத் திறந்ததில்லை என்றாள். எதற்கு எங்களிடம் காட்டினாள் என்று நான் பிற்பாடு நிறைய யோசித்திருக்கிறேன். ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் தன் கையைப் புரிந்துகொண்டவள் என்று ஹெலெனாவிடம் அவளுக்கு அவ்வளவு பிரியம். அதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஹெலெனா அந்தத் துணியைத் தொடாமல் ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என்னிடம், "இதை என் படத்தில் சேர்த்துக்கொள்ளலாமா? கேள். கட்டாயமில்லை என்றும் சொல்" என்றாள்.

நான் ஆபாவிடம், "கண்காட்சியில வைக்கக் கேக்கறாங்க" என்றேன். படத்தில் சேர்ப்பது வேறு, கண்காட்சியில் வைப்பது வேறு. முதல் பிசகு அங்கேயே ஆகிவிட்டது.

ஆபா துணியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே பேசினாள். "எடுத்துக்கிட்டுப் போய் மாட்டட்டும். ஊரே பார்க்கட்டும், என் பொண்ணு கல்யாணத்துக்கு வந்த மாதிரி இருக்கும். ஆனா கத்தரி படக்கூடாது. காட்னா நக்கோ, நல்லாச் சொல்லு அவகிட்ட. முழுசாப் போகணும், முழுசா என்கிட்டயே திரும்பி வரணும். என்னைப் புதைக்கும்போது மேல போர்த்தறதுக்கு வச்சிருக்கேன்."

"என்ன சொல்கிறார்?" என்றாள் ஹெலெனா.

"சம்மதம் என்கிறார்" என்றேன்.

அந்த நீளப் பேச்சுக்கு இந்த ஒரு வார்த்தை. ஏன் என்று கேட்பாய். அந்த வாரம் ஆபீஸில் ஒரு பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. செக்கோஸ்லோவாக்கியாவுக்கு ஆறு மாதப் பயிற்சிக்குப் போகிறவர்களின் பட்டியல். ஹெலெனாவின் கணவர் யாரைச் சொல்கிறாரோ அவர்களுக்குத்தான் வாய்ப்பு என்று எல்லோருக்கும் தெரியும். அன்று காலை ஜீப்பில் ஹெலெனா தானாகவே, "உன் கணவரைப் பற்றி என் கணவர் நல்லபடியாகப் பேசினார்" என்று சொல்லியிருந்தாள். உன் அப்பா இதற்காக என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நானாகத்தான் பயந்தேன். அவள் இவ்வளவு ஆசையாகக் கேட்ட ஒன்றை, நிபந்தனை, கத்தரி, சவத்துணி என்று சொல்லி நான் கெடுத்துவிட்டால் அவள் முகம் வாடிவிடும், வீட்டில் போய் என்ன சொல்வாளோ என்று பயந்தேன். ஜீப்பில் போகும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஜீப்பில் அவள் அந்தத் துணியை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதுகொண்டே வந்தாள். சரி, அடுத்த வாரம் சொல்லலாம் என்று விட்டேன். அடுத்த வாரம் அந்தப் பட்டியலை நானே டைப் அடித்தேன். நாலாவது பெயர் உன் அப்பாவுடையது. எழுத்துப் பிழை வந்துவிடக் கூடாது என்று ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துப் பார்த்து அடித்தது ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் சொல்ல வேண்டும் என்ற நினைப்பே எனக்குக் குறைந்துவிட்டது.

கடைசி ஒரு மாதம் ஹெலெனா விருந்தினர் விடுதியிலேயே தனியாக வேலை செய்து படங்களை முடித்தாள். கண்காட்சி நாம்பள்ளி பக்கம் ஓர் அரங்கில் நடந்தது. ஆபாவைக் கூட்டிவருகிற பொறுப்பு எனக்கு. அவள் அத்தர் பூசிக்கொண்டு, புது புர்க்கா போட்டுக்கொண்டு, நிக்கா வீட்டுக்குப் போகிறவள் மாதிரி ரிக்‌ஷாவில் உட்கார்ந்திருந்தாள். "பேட்டியைப் பார்க்கப் போறோம்" என்று வழியில் இரண்டு தரம் சொன்னாள். பேட்டி என்றால் மகள்.

உள்ளே நடுச்சுவரில் பெரிய படம். நாலு கறுப்புப் பலகைகள். ஒவ்வொன்றிலும் உலைத் தீ மாதிரி சிவப்பாக அந்தத் துப்பட்டாவின் ஒரு துண்டு. மாதுளைக் கொடி ஒரு பலகையில் அறுந்து அடுத்த பலகையில் தொடர்ந்தது. நூல் தொங்கிய அந்த இடத்தை ஹெலெனா அப்படியே விட்டிருந்தாள், அதன் பக்கத்தில் தீ அணைந்துபோகிற மாதிரி. உண்மையைச் சொல்கிறேன், மாலதி, அது அபாரமான படம். கீழே அட்டையில் ஹெலெனாவின் பெயரும் ஜமீலாவின் பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருந்தன. ஏமாற்றுகிறவள் அப்படிப் போடமாட்டாள்.

ஆபா முகத்திரையைத் தூக்கி நாலு பலகைகளையும் பார்த்தாள். கையை நீட்டி, வெட்டிய ஓரத்தை ஒரு விரலால் தொட்டாள். "கைக்கு?" என்றாள். ஏன் என்று அர்த்தம். அது உனக்குத் தெரியும், சின்ன வயசில் நாள் முழுக்க அதையே கேட்டுக்கொண்டிருப்பாய். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. ஹெலெனா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். ஆபா கட்டை மாதிரி நின்றாள்.

"என்ன சொன்னார்? சொல், என்ன சொன்னார்?" என்று ஹெலெனா என்னைக் கேட்டாள். அவள் கண்ணில் தண்ணீர்.

"பேச வார்த்தை வரவில்லை என்கிறார்" என்றேன்.

திரும்பும்போது ரிக்‌ஷாவில் ஆபா திரையை இறக்கிவிட்டுக்கொண்டாள். மதீனா ஹோட்டல் பக்கம் வந்ததும் திரைக்குள்ளிருந்து கேட்டாள்: "கத்தரி படக்கூடாதுன்னு நான் சொன்னதை நீ அவகிட்டச் சொன்னியா?"

இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பட்டியலில் கையெழுத்தாகி, அப்பாவுக்குப் பாஸ்போர்ட்டும் வந்திருந்தது. எனக்கு இனிமேல் இழப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் என் வாய், "சொன்னேன் ஆபா. அவங்க கேக்கல" என்றது.

அவ்வளவுதான். அடுத்த மாதம் ஹெலெனா ஊருக்குக் கிளம்பும்போது விடைபெறப் போனோம். தம்பி மனைவி கதவுக்குப் பின்னால் நின்று, உடம்பு சரியில்லை, பார்க்க முடியாது என்று சொன்னாள். ஹெலெனா சந்து முனையில் கால் மணி நேரம் நின்று பார்த்துவிட்டு வந்தாள். ஊருக்குப் போன பிறகும் வருஷா வருஷம் புது வருஷத்துக்கு எழுதினாள், என் சகோதரி எப்படி இருக்கிறாள் என்று. நான் நன்றாக இருக்கிறாள், உன்னை விசாரித்தாள் என்று பதில் எழுதினேன். இல்லாத விசாரிப்புகளைக் கற்பனை செய்து எழுதினேன். ஆபாவுக்கென்று அவள் அனுப்பிய படங்களை நான் கொண்டுபோய்க் கொடுத்ததில்லை. சில வருஷங்களுக்கு முன் அந்தக் கடிதங்கள் நின்றுவிட்டன.

அப்பா போய்விட்டு வந்தார், ஃபோர்மேன் ஆனார். அங்கிருந்து உனக்கு இருபத்துநாலு கலர் பென்சில் பெட்டி வாங்கிவந்தார். அதை வைத்துக்கொண்டுதான் நீ க்வார்ட்டர்ஸ் சுவரெல்லாம் வரைந்தாய். நீ வரைவதைப் பார்த்துச் சந்தோஷப்படும்போதெல்லாம் எனக்கு உள்ளே ஒன்று உறுத்தும். ஒரு தரம் தாங்காமல் அப்பாவிடம் சொன்னேன். அவர் பேப்பரைப் படித்துக்கொண்டே, "ஒரு துணிக்குப் போய் இவ்வளவு வருஷம் நினைச்சுக்கிட்டிருக்கியா? விடு" என்றார். அவர் நல்ல மனுஷர், என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னார். நானும் சமாதானமாகிவிட்டேன். அவர் அப்படிச் சொல்வார் என்று தெரிந்துதான் அவரிடம் சொன்னேனோ என்று இப்போது தோன்றுகிறது.

உன் விழா முடிந்த மறுவாரம் நான் ஷாலிபண்டாவுக்குப் போனேன். இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தாலும் சந்து அடையாளம் தெரிந்தது. தம்பி மகன்கள் முன்கட்டில் பட்டறை வைத்திருக்கிறார்கள், எட்டுச் சட்டங்கள், துபாய்க்குப் போகிற துணிகள். ஆபா பின்கட்டில் அதே அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கண்ணிலும் புரை விழுந்து வெள்ளையாக இருந்தது. குரலை வைத்து என்னை அடையாளம் கண்டுகொண்டாள். "டைப் அடிக்கிறவ" என்றாள். உட்காரச் சொன்னாள், சாய் வரவழைத்தாள். நான் சாயைத் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாவின் பட்டியலையும் சொன்னேன். ஹெலெனாவுக்குத் தெரியாது, பழைய விலாசத்துக்கு இப்போதுதான் எழுதியிருக்கிறேன், பதில் வருமா என்று தெரியாது என்றும் சொன்னேன். நீ ஜாவாவுக்குப் போவதையும் சொன்னேன். மன்னித்துவிடு என்று கேட்கத்தான் போனேன். அந்த முகத்தைப் பார்த்ததும் அந்த வார்த்தை வரவில்லை.

உனக்கு இனி என்ன புத்தி சொல்வது? அங்கே உன்னோடு ஒரு பெண் துபாஷியாக இருப்பாள், ரொம்ப நல்ல பெண் என்று சொன்னாய். இருப்பாள். நானும் நல்ல பெண் என்றுதான் பெயர் எடுத்திருந்தேன். எதிரில் இருப்பவள் நீளமாகப் பேசி, உன் பக்கம் ஒரே வார்த்தை வந்தால், வேலையை நிறுத்திவிட்டு மறுபடி கேள். அவர்கள் பாஷையில் வேண்டாம் என்பதற்கு என்ன சொல் என்று போன முதல் நாளே கற்றுக்கொள். ஹெலெனாவுக்கு நக்கோ என்ற ஒரு சொல் தெரிந்திருந்தால் போதும். அந்த அறையில் அது அவள் காதுபடத்தான் சொல்லப்பட்டது. இனி மேடையில் என்னைப் பற்றிப் பேசாதே. என்னைப் பற்றி என்ன நினைப்பது என்பதை நீயே முடிவு செய்துகொள், நான் ஒன்றும் கேட்கமாட்டேன்.

நான் சொல்லி முடித்ததும் ஆபா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். பிறகு பேசினாள். அவள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல், ஒரு வார்த்தை சேர்க்காமல் உனக்கு எழுதுகிறேன்.

"உன் பொண்ணு போற ஊர்ல, நடுவுல உட்கார்ந்து பேசறவ யாரோட சோத்துக்குக் காத்திருக்கான்னு முதல்ல கேட்டுக்கச் சொல்லு. நான் அதைக் கேக்கல. அந்தச் செக் நாட்டுப் பொண்ணும் கேக்கல. இருபது வருஷம் தொழுகைப் பாய்ல உட்கார்ந்து அவளைச் சபிச்சேன். அவ கை விளங்காமப் போகணும்னு கேட்டேன். என் வாயாலயே அதைக் கேக்க வச்சவ நீ. என் பொண்ணை அல்லா எடுத்துக்கிட்டான், அவனை நான் கேக்க முடியாது. துணியை அவ கத்தரிச்சா, தெரியாமக் கத்தரிச்சா. என்னோட சேர்ந்து தைச்ச அவளை என்கிட்ட இருந்து எடுத்துக்கிட்டது நீ. சாயைக் குடிச்சிட்டுப் போ. இனிமே இங்க வராதே."

குடித்துவிட்டு வந்தேன்.

இப்படிக்கு,
உன் அம்மா